முத்தாரத்தியின் பின்னே ஒரு வாழ்க்கை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சொற்பொழிவுக்காகச் சித்தூருக்குச் சென்றிருந்தேன். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டின் இரு திண்ணைகள்போல் அமைந்த ஊர் அது. ஒரு மொழியில் தொடங்கிய பேச்சை மற்றொரு மொழியில் முடிப்பது அங்குள்ளோருக்கு இயல்பு. அன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், தரிகொண்டா வெங்கமாம்பாவின் வாழ்க்கை. திருமலையில் இரவு நடை சாத்துமுன் ஏழுமலையானுக்கு அவர் பெயரால் காட்டப்படும் முத்தாரத்தியைப் பற்றியும் கூறினேன். பேச்சு முடிந்தது, பிரசாதம் பெற்றுக்கொண்டு மக்கள் கலைந்தனர். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் மட்டும் தூணருகே நின்றிருந்தார். அருகில் வந்து மெல்லிய குரலில் கேட்டார்:

“சுவாமி, அந்த அம்மா கணவனை இழந்தவர் என்று சொன்னீர்கள். அவர் பெயரால் பெருமாளுக்கே ஆரத்தி நடக்கிறது என்றும் சொன்னீர்கள். அடுத்த மாதம் என் மகளுக்குத் திருமணம். அவளுடைய அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. மணமக்களுக்கு நான் ஆலம் சுற்றக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். சுற்றலாமா, கூடாதா?”

நான் உடனே பதில் சொன்னேன். மங்கலம் என்பது மனத்தைப் பொறுத்தது, தாயின் ஆசி அவள் எங்கு நின்றாலும் குழந்தையைச் சென்று சேரும் என்ற கருத்தில் சில வார்த்தைகள். அவர் கைகூப்பி வணங்கிவிட்டுப் போய்விட்டார். அறைக்குத் திரும்பிய பிறகுதான், அவர் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது உறைத்தது. ‘எங்கு நின்றாலும்’ என்று சொன்னதன் மூலம், அவரைக் கூடத்து மூலையிலேயே நிற்கும்படி நானும் சொல்லியிருந்தேன். தத்துவம் படித்தவர்களுக்கு இது ஒரு நோய். நேராக வரும் கேள்வியைத் தூக்கி மேகத்தின்மேல் வைத்துவிடுவோம்.

அந்த அம்மையாருக்குத் தந்திருக்க வேண்டிய பதிலைத் தேடித்தான் வெங்கமாம்பாவின் வரலாற்றை மீண்டும் படித்தேன். கண்டதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

திருமலைக்குச் சென்றுவரும் நம்மவர் பலர் அவருடைய பெயரைத் தம்மை அறியாமலேயே வாசித்திருப்பர். பக்தர்களுக்கு உணவளிக்கும் நித்திய அன்னதானத் திட்டத்தைத் தேவஸ்தானம் 1985-இல் தொடங்கியது. பின்னர் எழுப்பப்பட்ட பெரிய அன்னப்பிரசாதக் கட்டடத்தை 2011-இல் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் திறந்துவைத்தார். ஒரே நேரத்தில் சுமார் 4,000 பேர் அமர்ந்து உண்ணும் அந்த இடத்திற்கு ‘மாத்ருஸ்ரீ தரிகொண்டா வெங்கமாம்பா’ என்று பெயர். தரிசனக் களைப்போடும் பசியோடும் உள்ளே நுழைபவருக்கு இந்த அம்மை யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அதில் குற்றமும் இல்லை.

பழைய சித்தூர் மாவட்டத்தில், வாயல்பாட்டிற்கும் குர்ரங்கொண்டாவிற்கும் அருகில் உள்ள சிற்றூர் தரிகொண்டா. ஊரின் தெய்வம் லட்சுமி நரசிம்மர். அங்கே 1730-இல் கிருஷ்ணய்யா, மங்கமாம்பா என்ற அந்தணத் தம்பதியருக்குப் பிறந்தவர் வெங்கமாம்பா. வேங்கடவனை வேண்டிப் பெற்ற குழந்தையாதலால் அவன் பெயரையே இட்டனர். வீட்டு வேலையை மறந்து கோயிலில் அமர்ந்திருக்கும் பெண்ணை ஊரார் பித்துப்பிடித்தவள் என்றனர். திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று பெற்றோர் நினைத்தனர். அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே மணம் நடந்தது. இல்லறம் தொடங்குமுன்னரே கணவன் இறந்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அவருடைய குலத்தில் இதற்கு என்ன பொருள் என்பதை இன்றைய இளைஞர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தாலி கழற்றப்படும். பூவும் குங்குமமும் வண்ணப்புடவையும் போகும். தலை மழிக்கப்படும். நல்ல காரியத்திற்குப் புறப்படுபவர் எதிரே வரக் கூடாது. ஒரு வேளை உணவு, வீட்டின் பின்கட்டு, மீதமுள்ள ஆயுள் முழுவதும் அவ்வளவுதான். இவை அனைத்திற்கும் சொல்லப்பட்ட காரணம் ஒரே சொல்: விதி. பொம்மையோடு விளையாட வேண்டிய குழந்தையிடம், முற்பிறவியில் நீ ஏதோ செய்தாய், அதற்காக இதை ஏற்றுக்கொள் என்றனர். கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது 1856-இல். வெங்கமாம்பா பிறந்து 126 ஆண்டுகளுக்குப் பின்.

வெங்கமாம்பா மறுத்தார். தம் கணவன் வேங்கடேசன் என்றும், அவன் அழிவற்றவன் ஆதலால் தமக்குக் கைம்மை இல்லை என்றும் சொல்லிப் பூவையும் குங்குமத்தையும் விடாமல் வைத்துக்கொண்டார். ஊர் கொதித்தது. அவ்வழியே வந்த புஷ்பகிரி மடத்துத் தலைவரிடம் ஊரார் முறையிட்டதாகவும், அவர் முன்னிலையில் வெங்கமாம்பா விசாரிக்கப்பட்டதாகவும் மரபு கூறுகிறது. ஆசனத்தை விட்டு எழுந்தால் வணங்குவதாக அவர் சொல்ல, மடாதிபதி எழுந்ததும், வெங்கமாம்பா வணங்கிய அந்த வெற்றாசனம் எரிந்துபோனதாம். பலவந்தமாகத் தலை மழிக்கப்பட்டதாகவும், ஆற்றில் மூழ்கி எழுந்தபோது கூந்தல் முன்போலவே இருந்ததாகவும் வேறொரு வரலாறு உண்டு.

அற்புதங்களை நம்புவோர் நம்பட்டும். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அற்புதத்தின் வெளிச்சத்தில் கண் கூசி, அதைவிட அரிய ஒன்றைக் காணாமல் விட்டுவிடுகிறோமோ என்று அஞ்சுகிறேன். பெற்றோர், உறவினர், ஊர்ப்பெரியோர், மடம் ஆகிய அனைவரும் ஒரு பக்கம் நிற்க, ஒரு பெண் தனியே மறுபக்கம் நின்று முடியாது என்று சொல்கிறாள். ஆசனம் எரிந்ததைக்காட்டிலும் எனக்கு அதுதான் வியப்பு.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஆண்டாளின் நினைவு வரும். ஆனால் இன்னும் நெருங்கிய உறவுடையவர் செங்கோட்டை ஆவுடையக்காள். அவரும் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்று வேதாந்தத்தைப் பேச்சுத் தமிழில் பாட்டாகப் பாடியவர். தென்பாண்டி நாட்டு வீடுகளில், குறிப்பாகக் கைம்பெண்களின் வாயில், அந்தப் பாடல்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பின்கட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள் அங்கே உபநிடதத்தை வளர்த்திருக்கிறார்கள். நமது தத்துவ வரலாற்று நூல்களில் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டதில்லை.

மறுத்ததோடு வெங்கமாம்பாவின் துன்பம் தீர்ந்துவிடவில்லை. சாதனையாளர் வரலாறுகளை மேடையில் சொல்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு இது: ஒரு தடை, ஒரு துணிவு, பிறகு வெற்றி, கைதட்டல் என்று முடித்துவிடுவார்கள். உண்மை வாழ்க்கை அப்படி ஓடுவதில்லை. ஊரில் இருக்க இயலாமல் வெங்கமாம்பா திருமலைக்குப் புறப்பட்டார். மலைமேல் செல்லும் முதல் வாகனச் சாலை 1944-இல்தான் வந்தது. அவர் காலத்தில் காட்டுவழியும் படிகளும்தான். நாடும் அமைதியாக இல்லை. ஆர்க்காட்டு நவாபு, மைசூர், கும்பெனியார் என்று அந்தச் சீமை கைமாறிக்கொண்டிருந்தது. தரிகொண்டாவின் அண்டையிலிருந்த குர்ரங்கொண்டாக் கோட்டை மைசூரின் பிடியில் இருந்தது. ஹைதர் அலி 1782 டிசம்பரில் உயிர்நீத்ததும் சித்தூருக்கு அருகில் இருந்த பாசறையில்தான்.

திருமலையில் ஹாதிராம் மடத்தார் அவருக்கு இடம் தந்து ஆதரித்தனர் என்பர். பூவும் குங்குமமுமாக ஒரு கைம்பெண் தனித்து வாழ்வது அங்கும் சிலருக்குப் பொறுக்கவில்லை. அண்டை வீட்டார் ஒருவர் உண்டு முடித்த எச்சில் இலைகளை அவருடைய துளசி வனத்தில் எறிந்து வந்ததாகக் கதை உண்டு. பெருமாளின் திருவடிக்கு வந்து சேர்ந்த பிறகும் எச்சில் இலை! திருத்தலத்தில் குடியிருப்பதால் மட்டும் மனிதமனம் திருந்திவிடுவதில்லை. மனம் கசந்த வெங்கமாம்பா அடர்ந்த காட்டினுள் இருக்கும் தும்புரு தீர்த்தத்திற்குச் சென்று, அங்கே பல ஆண்டுகள் தவம் செய்தார். இன்றும் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டித்தான் பக்தர்கள் அங்கே நடந்து செல்வது வழக்கம். ஒருநாள் நடைக்கே மூச்சு வாங்கும் அந்த இடத்தில் ஒரு பெண் தனியே ஆண்டுக்கணக்கில் இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு திரும்பி வந்தார். அதே மலைக்கு, அதே மனிதர்களிடையே. திரும்பி வந்து எழுதினார்.

‘தரிகொண்டா நரசிம்ம சதகம்’, யட்சகான நாடகங்கள், ‘ராஜயோகாம்ருத சாரம்’, ‘அஷ்டாங்க யோக சாரம்’, ‘வேங்கடாசல மாகாத்மியம்’, துவிபதையில் பாகவதம் என்று அவருடைய நூல்களின் வரிசை நீளும். பலவற்றைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பதிப்பித்திருக்கிறது. ஆசிரியரிடம் அமர்ந்து அரிச்சுவடிகூடப் பயின்றதில்லை என்று அவரே தம் நூலில் கூறிக்கொள்கிறார். அது அவையடக்கம். மதனப்பள்ளியைச் சேர்ந்த சுப்ரமண்ய தேசிகரிடம் யோகமும் தத்துவமும் கற்றவர் அவர். பள்ளிக்கூடம் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை என்பது மட்டும் மெய்.

அவருடைய நூல்களுள் ஒன்றின் பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது ‘வாசிஷ்ட ராமாயணம்’: யோக வாசிஷ்டத்தின் தெலுங்கு ஆக்கம். தமிழில் வீரை ஆளவந்தார் ‘ஞானவாசிட்டம்’ என்று தந்தாரே, அதே மூலம்தான். வடமொழியில் சுமார் 29,000 சுலோகங்கள். அத்வைத நூல்களில் மிகப் பெரியதும் மிகத் துணிவானதும் அதுவே எனலாம். மொழிபெயர்ப்பையே சாதனையாகக் கொண்டவன் நான். அந்த நூலின் சில பகுதிகளைத் தமிழாக்க முயன்று திணறியதுண்டு. ‘வாசனை’ என்று எழுதினால் நம்மவர் ஊதுவத்தியை நினைக்கின்றனர். ‘மனப்பதிவு’ என்று எழுதினால் பாதி பொருள் போய்விடுகிறது. அகராதிகளும் அமைதியான அறையும் இருந்தே இந்தப் பாடு. வெங்கமாம்பா அந்த நூலைத் துவிபதையில் இறக்கினார். துவிபதை என்பது தெலுங்கின் ஈரடிச் செய்யுள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பால்குரிகி சோமநாதர் ‘பசவ புராண’த்தைப் பாமரர்க்கும் எட்டச்செய்யத் தேர்ந்துகொண்டது அதைத்தான். ஏடு படிக்கத் தெரியாத பெண்ணும் கேட்டே மனத்தில் இருத்திக்கொள்ளக்கூடிய யாப்பு.

ஏன் இந்த நூலைத் தேர்ந்தார்? இங்கேதான் எனக்கு ஒரு கதவு திறந்தது.

யோக வாசிஷ்டம், மனம் உடைந்த ஓர் இளைஞனிடமிருந்து தொடங்குகிறது. தீர்த்த யாத்திரை முடித்துத் திரும்பிய ராமன் எதிலும் பற்றின்றி, உணவு செல்லாமல், மெலிந்து கிடக்கிறான். விசுவாமித்திரர் கேட்டுக்கொள்ள, வசிஷ்டர் அவனுக்கு உபதேசம் செய்கிறார். ஜீவன், ஜகத், பிரம்மம் என்று அவர் உடனே ஆரம்பித்துவிடவில்லை. முதலில் அவர் எடுத்துக்கொள்வது விதியைத்தான். விதி என்று தனியாக ஒன்று வானத்தில் இல்லை. நேற்றைய முயற்சியின் பலனுக்கே இன்று அந்தப் பெயர். நேற்றைய செயலும் இன்றைய செயலும் இரண்டு ஆட்டுக்கடாக்கள்போல் மோதிக்கொள்கின்றன, வலியது வெல்லும். ஆகவே இன்றைய கடாவிற்குத் தீனி போடு என்பது வசிஷ்டரின் முதல் பாடம். எல்லாம் தலையெழுத்து என்று சோம்பிக் கிடப்பவனை அவர் கடுமையாகவே சாடுகிறார்.

அன்பர்களே, இந்த உபதேசம் யாருடைய கையில் வந்து சேர்ந்தது என்று எண்ணிப்பாருங்கள். விதி என்ற ஒரே சொல்லால் வாழ்க்கை முழுவதையும் பூட்டிவைக்க முயன்றார்களே, அந்தப் பெண்ணின் கையில்! அவரிடம் வசிஷ்டர், உன் நேற்று உன்னைக் கட்டும் அளவிற்கு உன் இன்றும் உன்னை அவிழ்க்கும் என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை அவர். தம்மைப் போன்றவர்களுக்கும் கேட்கும்படி அவர்களுடைய மொழியில், அவர்கள் பாடக்கூடிய சந்தத்தில் அதைச் சொல்லிவைத்தார்.

சூடாலையின் வரலாறும் அதே யோக வாசிஷ்டத்தில் உள்ளது. அரசி சூடாலை அரண்மனையில் இருந்தபடியே ஞானம் அடைகிறாள். அதைக் கணவன் சிகித்வஜனிடம் சொன்னபோது அவன் சிரிக்கிறான்; பெண்ணின் பேதைமை என்கிறான். பின்னர் ஞானம் தேடி அவன் காட்டுக்குப் போகிறான். நாட்டை அவள் ஆள்கிறாள். காலம் கனிந்ததும் கும்பன் என்ற அந்தண இளைஞனின் உருவில் சென்று அவனுக்கே குருவாகிறாள். தன் உருவில் போயிருந்தால் அவன் கேட்டிருக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் வேதாந்த மாணவர்கள் தியாகத்தின் இலக்கணத்தையே விவாதிக்கிறார்கள். அவள் ஏன் ஆண்வேடம் இட நேர்ந்தது என்று நான் படித்த வகுப்புகள் எதிலும் எவரும் கேட்டதில்லை; நானும் கேட்கவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். வேங்கடவனிடம் தன்னை ஒப்படைத்தவர் சரணாகதி செய்தவர் அல்லவா? சரணடைந்தவருக்கு முயற்சி எதற்கு? வள்ளுவரும் ‘ஊழ்’ என ஓர் அதிகாரம், ‘ஆள்வினையுடைமை’ என ஓர் அதிகாரம் என்று இரண்டையும் வைத்திருக்கிறாரே என்பீர்கள். வெங்கமாம்பாவின் வாழ்க்கையில் இந்த முரண் தானே கரைகிறது. அவர் வேங்கடவனிடம் கொடுத்துவிட்டது தம் அச்சத்தை. ஊர் என்ன சொல்லும் என்பதை அவனிடம் கொடுத்தார். எழுத்தாணியைத் தம் கையில் வைத்துக்கொண்டார். ஊருக்கு நடுங்கியபடி, விதி என்று தலைகுனிந்து, அதற்குச் சரணாகதி என்று பெயர் சூட்டிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அவரிடம் அது இல்லை.

வெங்கமாம்பா 1817-இல், ஏறத்தாழ 87 வயதில் ஜீவசமாதி அடைந்தார் என்பது மரபு. அவருடைய பிருந்தாவனம் திருமலையிலேயே உள்ளது. ஆனால் அவர் இன்னும் உயிரோடிருக்கும் இடம் வேறு.

திருமலையில் நாளின் கடைசிச் சேவை ஏகாந்த சேவை. போக சீனிவாசர் என்ற வெள்ளித் திருமேனியைத் தொட்டிலில் கிடத்துவார்கள். பல்லவ மரபைச் சேர்ந்த சாமவை என்ற அரசி அளித்த திருமேனி அது. அதைக் கூறும் கல்வெட்டு தமிழில் உள்ளது. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியரின் வழிவந்தோர் தாலாட்டுப் பாடுவர். அதன்பின் வெங்கமாம்பாவின் முறை. தட்டில் முத்துகளால் தசாவதாரங்களுள் ஓர் உருவை அமைத்து, அவர் பெயரால் ஆரத்தி காட்டப்படும். தாள்ளப்பாக்கத்தாரின் தாலாட்டு, தரிகொண்டாவின் ஆரத்தி என்று தெலுங்கு மக்கள் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். பேரரசர்கள் தந்த வைரங்களையும் தங்கத்தையும் பகலெல்லாம் அணிந்தவன், கண்ணயருமுன் ஏற்றுக்கொள்வது, எதிரே வரக் கூடாதவள் என்று ஊர் ஒதுக்கிய ஒருத்தியின் ஆரத்தியை.

இதையெல்லாம் எழுதிக் குறித்துக்கொண்ட பிறகு, சித்தூரில் சொற்பொழிவை ஏற்பாடு செய்த அன்பரிடம் விசாரித்து அந்த அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை. “அம்மா, அன்று நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, மன்னியுங்கள். சுற்றலாம். நீங்கள்தான் சுற்ற வேண்டும்” என்று மட்டும் எழுதினேன். ஒரு துறவி குடும்ப விஷயத்தில் தலையிடலாமா என்று உடனிருந்த மூத்த சுவாமிஜி கேட்டார். கேள்வியே என்னிடம்தானே வந்தது என்றேன். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு மீண்டும் சித்தூருக்குப் போனபோது அவர் மகளையும் மருமகனையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். திருமணத்தன்று நாத்தனார் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம், இன்றுவரை பேசுவதில்லையாம். கடிதத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தும், வாசலில் மணமக்கள் வந்து நின்றபோது தமக்குக் கால் எழவில்லை என்றார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலைமேல் கற்பூரம் வைத்துத் தட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தவர் அவருடைய மாமியார். எழுபத்தெட்டு வயது. அவரும் முப்பது ஆண்டுகளாக எந்தத் திருமணத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை.

“கை நடுங்கியது, சுவாமி. கற்பூரம் அணைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அத்தைதான் பக்கத்தில் நின்று தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டார்கள்” என்றார் அந்த அம்மையார்.